பஜாமா சாம்: சின்னப் பசங்களுக்கு தாராளமா வாங்கித் தரலாம்

எங்க பொண்ணுக்கு அஞ்சு வயசு, மும்பை மழைல கீழ காம்பவுண்ட்ல இறங்கி விளையாட முடியலன்னா மொபைல்தான் கேப்பா. அதுல ஃப்ரீயா வர்ற கேம்ல பாதி நேரம் விளம்பரம்தான். அதான் லேப்டாப்ல, ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல பஜாமா சாம் முதல் பாகம் வாங்கினேன், 1996ல வந்த கேம். விளம்பரம் இல்ல, டைமர் இல்ல, தோத்துப்போறதுன்னு ஒண்ணே இல்ல, அவசரமே படாம யோசிக்கலாம்.

கதை என்னன்னா சாம்ங்கற சின்னப் பையனுக்கு இருட்டுன்னா பயம், அந்த இருட்டையே பிடிச்சு அடைச்சுடலாம்னு டார்ச், முகமூடி, லஞ்ச் பாக்ஸ் எல்லாம் எடுத்துக்கிட்டு அலமாரிக்குள்ள போறான், அங்க ஒரு தனி உலகமே இருக்கு, போன உடனே பேசற மரங்க எல்லாத்தையும் பிடுங்கிக்கும். அதைத் தேடணும். மவுஸ் க்ளிக் பண்ணத் தெரிஞ்சா போதும்.

அதுல ஒரு மரப்படகு வரும் பாருங்க, அதுக்கு தண்ணின்னா பயம், மரம் மிதக்கும்னே தெரியாது. வாயால சொன்னா நம்பாது, ஒரு பலகையைக் கொண்டுவந்து தண்ணில போட்டுக் காட்டணும். பொண்ணு தானா அதைக் கண்டுபிடிச்சா, அன்னிக்கு சாயங்காலமே பக்கெட்ல மரக்கரண்டி, சாவி, சப்பாத்திக் கட்டைன்னு ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கறா! ஏபிசிடி, கூட்டல் கழித்தல் எல்லாம் இது சொல்லித்தராது, ஆனா இந்த மாதிரி யோசிக்க வைக்குது, எனக்கு அதுதான் வேணும்.

புதுசா ஆரம்பிச்சா சாமான் இருக்கற இடம் மாறும், அதனால மனப்பாடம் பண்ணி முடிக்க முடியாது. மங்கி ஐலண்ட்ங்கற பிரபலமான கேமைப் பண்ண ரான் கில்பர்ட், ஷெல்லி டேயோட சேர்ந்து 1992ல ஆரம்பிச்ச ஹ்யூமங்கஸ் கம்பெனியோட கேம் இது, பசங்கதானேன்னு ஏனோதானோன்னு பண்ணல, படம் எல்லாம் கையால வரைஞ்சது, சும்மா ஒரு மூலைல க்ளிக் பண்ணாக்கூட ஏதாவது ஒண்ணு ஆடும் பாடும்.

குறைன்னா பேச்சு முழுக்க அமெரிக்க இங்கிலீஷ், வேகமா வேற பேசறாங்க. வீட்ல தமிழ், கீழ பசங்களோட ஹிந்தின்னு இருக்கற குழந்தைக்கு ஒண்ணும் பிடிபடாது, "அம்மா அந்த மரம் என்ன சொல்லுது"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க, முதல்ல கொஞ்ச நாள் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லணும். குழந்தைய உக்கார வெச்சுட்டு சமையலைப் பாக்கலாம்னு நினைச்சு வாங்காதீங்க. பெரிய ஸ்க்ரீன்ல படம் கொஞ்சம் மங்கலாவும் தெரியும், பசங்க அதைக் கண்டுக்க மாட்டாங்க.

இன்னும் சின்னக் குழந்தைன்னா அதே கம்பெனியோட ஃப்ரெடி ஃபிஷ் பாருங்க, கடலுக்கடில பாட்டியோட விதைகளைத் தேடற கதை. எல்லாத்தையும் மொத்தமா வாங்காம, சேல் வர்றப்போ ஒண்ணு மட்டும் எடுத்துப் பாருங்க.