ஜவ்வாது மலைப் பக்கம் ‘ஹைபிரிட் சோலார்’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில், வேலூரிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர் மாட்டிவிட்டுப் போன ‘1 கிலோவாட் ஹைபிரிட்’ (வெயில், காற்று இரண்டிலும் மின்சாரம் எடுக்கும்) செட்டைச் சோதித்ததில் தெரிந்தவை இவை. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிட்டார். ஐப்பசி மழை பிடித்ததும் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்துகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை.

கொட்டேஷனில் எழுதியிருந்தது: 540 வாட் பேனல் 2, 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி 2, எம்பிபிடி சார்ஜர் (பேனலின் வாட்டை வீணாக்காமல் பேட்டரிக்கு மாற்றித் தருவது) உள்ள 24 வோல்ட் இன்வெர்ட்டர், 500 வாட் காற்றாடி. பேனலில் குறையில்லை. வேலையைக் காட்டியது மற்றதில்.

உள்ளே இருந்தது எம்பிபிடி அல்ல, பிடபிள்யூஎம் என்ற சாதா சார்ஜர். 540 வாட் பேனல் 41 வோல்ட் சுமாருக்கு 13 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் அதைப் பேட்டரியின் 27 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்பியர் அதிகமாகாது. 540 வாட்டில் 350-தான் தேறும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கும்போது, நல்ல வெயிலில், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேனல் ஒயரிலும் பேட்டரி ஒயரிலும் மாட்டிப் பாருங்கள். லோடை நிறுத்திவிட வேண்டும். எம்பிபிடி என்றால் பேட்டரி பக்கம் ஆம்பியர் தெளிவாகக் கூடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஏமாந்தாயிற்று.

பேட்டரியும் சோலார் பேட்டரி இல்லை, கடையில் விற்கும் சாதா இன்வெர்ட்டர் பேட்டரி. 150 ஏஹெச் என்பது சி20 கணக்கு, அதாவது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைப்பது. சோலாருக்குப் பார்க்க வேண்டியது சி10, அதாவது 10 மணி நேரத்தில் இறக்கினால் கிடைப்பது. அந்தக் கணக்கில் சுமார் 125 முதல் 130 வரைதான் வரும். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் இரண்டும் சேர்ந்து ஒன்றரை யூனிட். பழைய 75 வாட் ஃபேன் இரண்டு பத்து மணி நேரம் ஓடினால் அதோடு சரி. மின்சாரம் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டியிருந்தால் அரை யூனிட்டுக்குச் சற்று மேலேதான் செலவாகியிருக்கும். அதை யாரும் சொல்லவில்லை.

இதற்கு மேல் லோ-கட்டை (பேட்டரி இறங்கியதும் இன்வெர்ட்டர் தானாக நிற்கும் அளவு) பேட்டரி ஒன்றுக்கு 10.5 வோல்ட்டில் வைத்திருக்கிறார்கள். மேகமூட்டம் நீடித்தால் பேட்டரி அடிவரை இறங்கி, நிரம்பாமலே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்துவிடும். 11.5-க்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். வாரண்டி கேட்டால் “தண்ணி ஊத்தல” என்று தட்டிக் கழிப்பார்கள். வாரண்டி கார்டில் பேட்டரி சீரியல் நம்பரும் தேதியும் மாட்டும் அன்றே எழுதப்பட வேண்டும்.

காற்றாடி சுத்த அலங்காரம். காற்றின் வேகம் மூன்றில் ஒன்றானால் மின்சாரம் 27-இல் ஒன்றாகிவிடும். வினாடிக்கு 12 மீட்டரில் 500 வாட் என்றால், 4 மீட்டரில் 18 வாட். இரண்டு பல்பு எரியும்.

பேனல் லைனில் ஏசிக்கான எம்சிபி (டிரிப் ஆகும் ஸ்விட்ச்) இருந்தால் உடனே மாற்றுங்கள், டிசி பொறியை அது அணைக்காது. இடி இறங்கும் மலையில் எர்த் குழியே தோண்டாமல் போயிருக்கிறார்கள்.

“மானியம் பின்னாடி வரும்” என்பதும் பொய். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் மின்வாரிய லைனோடு இணைத்த கூரை சோலாருக்குத்தான். தனியாக ஓடும் செட்டுக்குக் கிடையாது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் பில், கொட்டேஷன், மீட்டர் காட்டும் போட்டோ மூன்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் கெடு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.