இதயச் செயலிழப்பு மாத்திரைகளோடு நான்கு ஆண்டுகள்

2021 ஆகஸ்டில் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) என் இதயத்தின் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 28 சதவீதம் என்று வந்தது. முதல் வாரத்தில் என்னைத் தூங்க வைத்தது நீர் மாத்திரையான டார்சிமைடுதான். மூன்று தலையணைகளில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தவன், நான்காம் நாள் ஒற்றைத் தலையணையோடு படுத்தேன். அதனாலேயே அதுதான் முக்கிய மருந்து என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது தேங்கிய நீரை வெளியேற்றுகிறதே தவிர, இதயத்தைத் தேற்றுபவை, சாப்பிட்டால் உடனே ஒன்றும் தெரியாத மற்ற நான்கும்தான்.

அவற்றில் சாக்குபிட்ரில்-வால்சார்டனைத் தொடங்குவதற்கு முன், அதுவரை சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரையான ராமிப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டும் உடலில் சேர்ந்தால் முகமும் தொண்டையும் வீங்கும் அபாயம் உண்டாம். 50 மில்லிகிராமில் தொடங்கியதும் ரத்த அழுத்தம் 94-க்கு இறங்கி, எழுந்து நின்றால் கண் இருட்டியது. மருத்துவர் அதை நிறுத்தாமல் டார்சிமைடைப் பாதியாக்கினார். ஐந்து மாதங்களில் வேளைக்கு 200-ஐ எட்டினேன். 2023 ஜனவரியில் இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, இந்த ஒரு மாத்திரைக்கான என் செலவு பாதிக்கும் கீழே வந்தது.

நான்கில் அடுத்தது, இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரோலால், முதல் மாதம் படுத்தியது; மாடிப்படி ஏறவே அலுப்பாக இருந்தது. சர்க்கரை நோய்க்கும் தரப்படும் டாபாகிளிஃப்லோசினால் எனக்குத் தொல்லை எதுவுமில்லை, மருந்துக்கடையில் ஒவ்வொரு முறையும் “சார், சுகர் எவ்வளவு?” என்று கேட்பதைத் தவிர. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை.

நான்காவதான ஸ்பைரோனோலாக்டோன் எட்டாம் மாதத்தில் மார்பகத்தில் வலியும் வீக்கமும் தந்ததால் எப்லெரினோனுக்கு மாற்றினார்கள். ஆண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம்; நானே இரண்டு மாதம் மறைத்தேன். எதுவானாலும் பொட்டாசியம் ஏறும். ஒரு கோடையில் தினம் ஓர் இளநீர் குடித்தேன், அளவு 5.6 ஆகி, மாத்திரையைப் பாதியாக்கி, ஒரே வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

போன வருடம் கணுக்கால் வலிக்கு யாரையும் கேட்காமல் டைக்ளோஃபினாக் சாப்பிட்டேன். நான்கே நாளில் உடலில் நீர் தேங்கி எடை 71-லிருந்து 73.5 கிலோ ஆயிற்று. செருப்பின் வார் பதிந்த தடம் காலில் மறையவில்லை. நாள்காட்டியில் தினமும் காலை எடையைக் குறித்து வந்ததால்தான், மூச்சு வாங்கும் முன்பே மருத்துவரிடம் போனேன். கடைசி எக்கோவில் பம்பிங் 46 சதவீதம். மாத்திரைகளை நிறுத்தலாமா என்று கேட்டேன். “அந்த 46, மாத்திரைகளோடு சேர்ந்த 46” என்றார் மருத்துவர்.