மணியாச்சியில் என்ஜின் மாற்ற இடம் போதுமா? மூன்று மென்பொருள்களில் ஓட்டிப் பார்த்தேன்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பாசஞ்சரில் போனவர்களுக்கு வாஞ்சி மணியாச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வண்டி நின்றதும் என்ஜின் கழன்று மதுரைப் பக்கம் கொஞ்ச தூரம் போகும். அப்புறம் பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன் வழியாகத் திரும்பி வந்து, கடைசியில் இருந்த பெட்டியில் மாட்டிக்கொள்ளும். நெல்லை லைனும் தூத்துக்குடி லைனும் ஸ்டேஷனின் ஒரே முனையில் பிரிவதால் வண்டி வந்த பக்கமே திரும்பிப் போக வேண்டும், வேறு வழியில்லை. சின்ன வயதில் அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நடைமேடையில் இறங்கி நிற்பேன். மாடல் ரயில் லேஅவுட் (மேசை மேல் சின்ன ரயில் ஓடும் பாதை) போடலாம் என்று முடிவெடுத்தபோது மணியாச்சியைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

கையில் இருந்த இடம் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் 240 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். ஆகவே 'என்' (N) அளவு, அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்று நிஜத்தில் சுமார் 22.3 மீட்டர், இந்த அளவில் 14 செ.மீ. 24 பெட்டி வண்டி மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் ஐந்து பெட்டி, ஒரு என்ஜின். (இந்த அளவில் தண்டவாள அகலம் 9 மி.மீ. நம் அகலப் பாதையின் 1676 மி.மீ.க்குக் கணக்குப்படி பத்தரை மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தோடு சமாதானமாகிவிட வேண்டியதுதான்.)

வரைவதற்கு நிறைய மென்பொருள்கள் உண்டு. வரைந்ததன் மேல் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் தேவை. அந்த ஒன்றை வைத்தே எக்ஸ்ட்ராக்கேட், ஸ்கார்ம், டிரெயின்பிளேயர் மூன்றையும் எடைபோட்டேன்.

முதலில் எக்ஸ்ட்ராக்கேட். திறமூல மென்பொருள், முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பார்க்க அழகாக இருக்காது; மேலிருந்து பார்க்கும் கோட்டுப் படம்தான். கற்றுக்கொள்ளவும் நாலைந்து நாள் பொறுமை வேண்டும். ஆனால் வண்டி ஓட்டும் பயன்முறைக்குப் போனால் இதன் அருமை தெரியும். பெட்டியின் நீள அகலத்தை நாமே கொடுத்து உருவாக்கலாம். நான் ஐசிஎஃப் பெட்டியின் அளவையும் டபிள்யூஏபி-7 மின்சார என்ஜினின் அளவையும் கொடுத்தேன். என்ஜின் நிஜத்தில் சுமார் 20.5 மீட்டர், இங்கே 13 செ.மீ. பாயிண்டின் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்) மேல் சொடுக்கினால் பாதை மாறும். வேகத்தையும் திசையையும் ஒரு சின்னப் பலகையில் மாற்றலாம்.

நான் வரைந்திருந்த லூப், பாயிண்டுக்குப் பாயிண்ட் 90 செ.மீ. ஐந்து பெட்டிக்கு 70 போதுமே, இன்னும் 20 மிச்சம் என்று நினைத்திருந்தேன். பெரியப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெட்டி எத்தன?"

"அஞ்சு, பெரியப்பா."

"சரி, என்ஜினக் கழட்டு. முன்னால போவட்டும்."

கழட்டி முன்னால் விட்டேன். மதுரைப் பக்கம் 10 செ.மீ. பாதைதான் வைத்திருந்தேன். என்ஜின் பாயிண்டை முழுதாகத் தாண்டும் முன்பே பாதை முடிந்து நின்றுவிட்டது.

"ஏல, என்ஜின் தாண்டி நிக்க எடம் எங்கல?"

அதை 20 செ.மீ. ஆக்கினேன். இப்போது என்ஜின் லூப்பில் திரும்பி வந்தது. வந்து பாயிண்டுக்குப் பக்கத்தில், நின்றிருந்த கடைசிப் பெட்டியின் மேலேயே ஏறிப் போனது. திரையில் இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரியப்பா விரலை வைத்துக் காட்டினார்: "ஃபவுலிங் மார்க்குக்கு வெளிய நிக்குல்லா இந்தப் பெட்டி!" இரண்டு பாதையும் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில், பெட்டி தாண்டக் கூடாத எல்லைதான் ஃபவுலிங் மார்க். இரண்டு முனையிலும் 13 செ.மீ. வீதம் அதற்குப் போய்விட்டால், 90-ல் மிஞ்சுவது 64. பெட்டிகளுக்கு 6 செ.மீ. குறைகிறது. தாளில் மூன்று வாரம் வரைந்தும் என் கண்ணில் படாத இரண்டு தப்பு, ஓட்டிப் பார்த்த பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியோடு இணைவதற்கான அதிகபட்ச வேகத்தை இதில் குறித்துவைக்கலாம். அதைத் தாண்டி வேகமாக வந்து மோதினால் இணையாது, விபத்தாகிவிடும். மெதுவாக வந்து 'டொக்' என்று மாட்டுகிற அந்தப் பழக்கம் திரையிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

ஸ்கார்ம் வேறு மாதிரி. விண்டோஸில் மட்டும் ஓடும். இலவசமாக 100 தண்டவாளத் துண்டுகள் வரை வரையலாம், அதற்கு மேல் உரிமம் வாங்க வேண்டும். வரைவது மிக எளிது. தண்டவாளம் செய்யும் பல கம்பெனிகளின் துண்டுகள் அதில் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓட்ட 'மாடல் டிரெயின்ஸ்' என்ற துணை நிரல் உண்டு. வண்டி முப்பரிமாணக் காட்சியில் ஓடும்.

மணியாச்சி சமதரை. அதனால் இந்தக் காட்சியால் எனக்குப் பெரிய லாபம் இல்லை. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையைச் செய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆரியங்காவு குகை, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம், வளைவு, ஏற்றம் என்று எல்லாமே உயரம் சம்பந்தப்பட்ட பாதை அது. ஒரு பாதைக்கு மேலே இன்னொரு பாதை போக 'என்' அளவில் 5 செ.மீ. உயரம் வேண்டும் என்று வையுங்கள். 2 சதவீத ஏற்றத்தில் அதற்கு 250 செ.மீ. நீளம் ஆகும். என் மேசையே 240 தான்! எண்ணாகப் படிக்கும்போது உறைக்காதது, முப்பரிமாணத்தில் வண்டி செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தால் உடனே உறைக்கும். ஆனால் திரையில் ஏறிவிட்டது என்பதற்காக மேசையிலும் ஏறும் என்று நம்பிவிடாதீர்கள். நிஜ மலைப்பாதையிலேயே வண்டிக்குப் பின்னால் இன்னொரு என்ஜின் மாட்டித் தள்ளித்தான் ஏற்றுகிறார்கள்.

டிரெயின்பிளேயர் விண்டோஸுக்கானது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. கையால் வரைந்த படத்தையோ பத்திரிகையில் வந்த வரைபடத்தையோ ஸ்கேன் செய்து, அதன் மேலேயே பாதை பதித்து ஓட்டலாம். எந்த வேகன் எந்தச் சைடிங்குக்குப் (சரக்கு ஏற்றி இறக்கும் கிளைப் பாதை) போக வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதன்படி ஷண்டிங் செய்வதில் (வேகன்களைப் பிரித்து இடம் மாற்றுவதில்) இதன் பலம் இருக்கிறது. தாழையூத்து சிமெண்ட் ஆலை சைடிங் மாதிரி ஒன்றைச் செய்தால் இதை நான் தயங்காமல் வாங்குவேன். வெறும் பாசஞ்சர் வண்டியின் என்ஜினை மாற்ற இவ்வளவு தேவையில்லை. இடம் போதுமா என்பதுதான் கேள்வி என்றால், எக்ஸ்ட்ராக்கேட் இலவசமாகவே பதில் சொல்லிவிடுகிறது.

ஆகவே என் ஓட்டு எக்ஸ்ட்ராக்கேட்டுக்கு. வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினி முப்பரிமாணக் காட்சிக்குத் திணறுகிறது, இந்தக் கோட்டுப் படத்தை அலுங்காமல் ஓட்டுகிறது என்பதும் ஒரு காரணம். முதல்முறை வரைகிற பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் ஸ்கார்ம் என்பேன். அவர்களுக்கு வண்டி ஓடுவதை நிஜம்போலப் பார்த்தால்தான் கை நிற்காது.

இப்போது என் லூப் 115 செ.மீ. ஃபவுலிங் மார்க் போக 89 நிற்கிறது. மதுரைப் பக்கம் 20. மிச்சமுள்ள 105-ல் நெல்லை லைனும் தூத்துக்குடி லைனும் பிரிகின்றன. என்ஜினோடு 83 செ.மீ. நீளமுள்ள வண்டி அங்கிருந்து கிளம்பி உள்ளே வருகிறது. நேற்று ராத்திரி பெரியப்பாவே மவுஸைப் பிடித்து ஒருமுறை மாற்றிப் பார்த்தார். கடைசிப் பெட்டியில் என்ஜின் மாட்டியதும், "ம், இனி பலகைய வாங்கு" என்றார்.