பாரத் கிருக ரக்ஷா: தண்ணீர் புகுந்த பிறகு படித்த பாலிசி

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக் கடன் வாங்கியபோது ஏஜென்ட் தலையில் கட்டிய இந்த வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை அன்றுதான் பீரோ மேல்தட்டிலிருந்து எடுத்துப் படித்தேன்.

2021 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனத்திலும் ஒரே வாசகத்தோடு வரும் பாலிசி இது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு. கட்டடத்தோடு சாமான்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சாமான்களுக்குக் கிடைக்கும். உப்பிப்போன பிளைவுட் கட்டிலும் மெத்தையும் அதில்தான் தேறின. வாசலில் மூழ்கிய ஸ்கூட்டர் வராது. அதற்கு வண்டி இன்சூரன்ஸ்தான். நகைக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். நான் சேர்க்கவில்லை.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சர்வேயர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். ஹால் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். குளியலறைச் சுவரை மட்டும் சாவியால் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. "சார், இது பழைய ஓதம். மழைக் கணக்கில் சேராது" என்றார். உண்மைதான், மூன்று வருஷமாக என் மனைவி சொல்லிக்கொண்டிருந்த ஓதம். நாளாவட்டத்தில் வரும் தேய்மானத்துக்கு இதில் இடமில்லை.

மனை விலையும் இதில் சேராது, திரும்பக் கட்டும் செலவு மட்டும்தான். சந்தை விலைக்கு எடுக்கச் சொல்லி அந்த ஏஜென்ட் ஏன் அத்தனை வற்புறுத்தினார் என்று இப்போது புரிகிறது: தொகை கூடினால் அவர் கமிஷனும் கூடும். பாலிசிக்கு நான்கு நட்சத்திரம், அவருக்கு ஒன்று.