ஜிஎஸ்டி பணத்தை ஆடிட்டர் கையில குடுக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

மன்னார்குடி பக்கம் மோட்டார், பைப் கடை வச்சிருக்கோம். அப்பா காலத்துலேர்ந்து வரிக் கணக்கு பாத்தது ஒரே ஆள்தான், ஆடிட்டர் சார்னுதான் கூப்பிடுவோம், அக்கா கல்யாணத்துல மொய் நோட்டு எழுதினதே அவர்தான். மாசாமாசம் 18, 19 தேதி வாக்குல "தம்பி, இந்த மாசம் இவ்ளோ வருது"ன்னு போன் வரும், அவர் ஜிபேக்கே போட்டுவிடுவேன், சாயங்காலம் சலான் வாட்ஸப்ல வந்துரும். திறந்துகூட பாத்ததில்ல.

மேட்டூர் திறந்து குறுவை வேலை ஓடிட்டிருந்த நேரம், எங்ககிட்ட சரக்கு எடுக்கற பட்டுக்கோட்டை கடைக்காரர் போன் பண்ணி "அண்ணே, நாலஞ்சு மாசமா உங்க பில்லு எதுவும் எனக்கு 2பி-ல ஏறவே இல்ல, இன்புட் எடுக்க முடியல, ரிட்டர்ன் போடறீங்களா இல்லையா"ன்னு கேட்டாரு. 2பி-ங்கறது நாம ரிட்டர்ன்ல காட்டற பில்லெல்லாம் வாங்கினவருக்கு ஜிஎஸ்டி சைட்ல வர்ற லிஸ்ட்; அதுல ஏறினாத்தான் நம்மகிட்ட குடுத்த வரியை அவர் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம், அதைத்தான் இன்புட்னு சொல்றது. ஜிஎஸ்டி சைட்ல சர்ச் டேக்ஸ்பேயர்ல நம்ம நம்பரைப் போட்டா எந்தெந்த மாசம் ரிட்டர்ன் போட்டிருக்குன்னு வரும், லாகின்கூட வேணாம்னு அவரே சொல்லிக் குடுத்தாரு. போட்டேன். அஞ்சு மாசமா ஒண்ணுமே இல்ல.

அன்னைக்கு ராத்திரி சலானை ஒண்ணொண்ணா பெருசு பண்ணிப் பாத்தேன். மேல சிபின் (CPIN)னு 14 இலக்க நம்பர் இருக்கும், சலானுக்கு சலான் மாறணும். அஞ்சுலயும் ஒரே நம்பர்! பழைய சலான்ல தேதியும் தொகையும் மட்டும் மாத்தி அனுப்பியிருக்காரு. நோட்டீஸ் ஏன் வரலன்னா, 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப அவர் மொபைலும் மெயிலும் போட்டுத்தான் ரெஜிஸ்டர் பண்ணியிருக்காரு, எல்லாம் அவருக்கே போயிருக்கு. தொடர்ந்து ஆறு மாசம் போடலன்னா ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணலாமாம், ஒரு மாசத்துல தப்பிச்சோம்.

குடுத்த வரியையே மறுபடி முழுசா கட்டினோம், வருஷத்துக்கு 18 சதவீதம் கணக்குல வட்டி, லேட் ஃபீ வேற. அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல, "அவனா, அவனா"ன்னே கேட்டுக்கிட்டிருந்தாரு.

விசாரிச்சா அவர் சிஏவே (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) இல்ல. சிஏ இல்லன்னாலும் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கற, நேர்மையா வேலை பாக்கற ஜிஎஸ்டி பிராக்டிஷனருங்க நிறைய பேர் இருக்காங்க, அதையும் சொல்லணும், ஆனா சிஏன்னா இன்ஸ்டிட்யூட்ல கம்ப்ளெயின்ட் குடுக்கலாம், இவர் விஷயத்துல அந்த வழியும் இல்ல.

வரிப் பணத்தை யார் அக்கவுண்டுக்கும் போடாதீங்க. சலான் மட்டும் போட்டுத் தரச் சொல்லி உங்க நெட் பேங்கிங்லேர்ந்து நீங்களே கட்டுங்க, அவர் ஃபீஸை தனியா குடுங்க. மொபைல், மெயில் உங்களோடதான்னு இன்னைக்கே பாருங்க. இல்லன்னா, அவர் ஓடிபி தரலன்னாலும் பரவால்ல, உங்க ஏரியா ஜிஎஸ்டி ஆபீஸ்ல ஆதாரத்தோட எழுதிக் குடுத்தா ஆபீசரே மாத்தி விடுவாரு, நாங்க அப்படித்தான் மாத்தினோம்.

திருவாரூர் மாவட்ட குற்றப்பிரிவுல ஜிபே ஸ்டேட்மென்ட், அஞ்சு சலான் எல்லாம் வச்சு மனு குடுத்திருக்கோம், இப்போதைக்கு ரசீதுதான் கையில இருக்கு. எங்க தெருவுலயே இன்னும் மூணு கடை அவர்கிட்டதான் கணக்கு குடுத்திருக்காங்க, மூணு பேர்கிட்டயும் நேர்ல போய் சொல்லிட்டேன், ஒருத்தர் இன்னும் நம்பவே மாட்டேங்கறாரு.