திருகோணமலைத் தடங்களில் பழைய ஜிம்னி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

1998 முதல் 2018 வரை உற்பத்தியான மூன்றாம் தலைமுறை சுசுக்கி ஜிம்னி, இலங்கையில் ஜேபி 43 என்ற குறியீட்டாலேயே அதிகம் பேசப்படும் அந்தச் சிறிய ஜீப், திருகோணமலை மாவட்டத்தின் மணற்பாதைகளுக்கும் மாரிகாலச் சேற்றுக்கும் மிகவும் ஏற்றது என்பது, அதைச் சொந்தமாக வைத்திருந்து கோடையிலும் மாரியிலும் ஓட்டிய பின் நான் கொண்டுள்ள முடிவு. அந்தத் தகுதி அதற்கு இயந்திரத்தின் வலுவால் வரவில்லை, எடை குறைவாக இருப்பதால் வந்தது. வாங்கியவுடன் இரும்புத் தாங்கி (பம்பர்), புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்தெடுக்கும் விஞ்ச், கூரைத் தட்டு, பெரிய டயர் என்று ஒவ்வொன்றாகப் பூட்டுகிறவர்கள், எதற்காக இந்த வாகனத்தை வாங்கினார்களோ அதையே பணம் கொடுத்து இழக்கிறார்கள்.

இன்றைய எஸ்யூவிகள் பலவற்றில் உடலும் அடித்தளமும் ஒரே கூடாக அமைந்திருக்க, ஜிம்னி சேசிஸ் எனும் தனி இரும்புச் சட்டத்தின் மீது கட்டப்பட்டது. முன்னும் பின்னும் திட அச்சுகள், அவற்றின் மேல் கொயில் ஸ்பிரிங்குகள், சக்கரங்களுக்கு இடையே 2,250 மில்லிமீற்றர் நீளம், ஏறத்தாழ 1,060 கிலோகிராம் எடை. எம் 13 ஏ என்ற 1,328 கன சென்ரிமீற்றர் பெற்றோல் இயந்திரம் 110 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை மட்டுமே தருகிறது; இது பெரிய எண் அன்று, ஆனால் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தாழ்நிலைக் கியருக்கு மாற்றியதும் அந்தக் குறை பெருமளவு மறைந்துவிடுகிறது. முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத காரணத்தால் உலர்ந்த தார் வீதியில் நான்கு சக்கரங்களையும் இணைத்து ஓட்டக்கூடாது. திருப்பங்களில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்வதால் எழும் முறுக்கம் போக இடமின்றிக் கியர்களையும் அச்சுகளையும் தின்னும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கிக் கொடுப்பதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நமது நிலத்தைப் பார்த்தால் விளங்கும். வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் வழியாகப் புல்மோட்டை வரை பிரதான வீதி நன்றாக இருந்தாலும், அதிலிருந்து கடற்பக்கம் பிரியும் பனங்காட்டுப் பாதைகள் தளர்ந்த மணல். தெற்கே கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று போகும்போது, மகாவலி கொட்டியாரக்குடாவில் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் நிலத்தில் வயல்வரம்பை ஒட்டிய பாதைகள் கார்த்திகை, மார்கழியில் டயரின் பள்ளங்களை நிரப்பி வழுவழுப்பாக்கும் களியாகிவிடுகின்றன. மேற்கே கன்னியா, பன்குளம் பக்கம் செம்மண்ணும் கிரவலும். அங்கே பெரும்பாலும் நான்கு சக்கர இயக்கம்கூடத் தேவைப்படாது, நல்ல ஷொக் அப்சோபர் போதும். மணலும் களியும் பாரத்தைத்தான் தண்டிக்கின்றன. நம்மவர் மிகுந்த மரியாதையோடு பேசும் பழைய மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப், தன் 2,659 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரத்தால் கல்மேட்டில் ஜிம்னியை வெட்கப்படுத்தும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் முன்பக்கப் பாரம் மிகுந்த அந்த வண்டி திரியாய்ப் பக்கத்து மணலில் அச்சுவரை இறங்கினால் மண்வெட்டி இல்லாமல் வெளியே வராது; அதே இடத்தில் புதையும் ஜிம்னியை மூன்று பேர் தள்ளியே எடுத்துவிடலாம்.

ஆகவே முதற்செலவு டயருக்குத்தான். தொழிற்சாலை அளவான 205/70 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீற்றர். 215/75 ஆர் 15 போட்டால் அது 703 மில்லிமீற்றராகிறது. விட்டத்தின் கூடுதலில் பாதி அளவே வண்டி உயரும் என்பதால் கிடைப்பது 18 மில்லிமீற்றருக்கும் குறைவு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் அந்த உயர்வு அச்சில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர்களைக் கொண்ட டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் சேர்த்தே கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். இந்த அளவு பெரும்பாலும் எதிலும் உரசாமல் பொருந்தும். 235/75 என்று மேலே போனால் சுற்றளவு ஏறத்தாழ பத்து வீதம் கூடிவிடும்: வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 66 ஆக இருக்கும், ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஐந்தாம் கியர் பயனற்றதாகும், பிரேக் பிடிக்கும்போதும் வேறுபாடு தெரியும். டயரின் வரி வகையைப் பொறுத்தவரை, சேற்றுக்கென்றே வரும் ஆழமான வரிப் பள்ளம் கொண்ட டயரை நான் பரிந்துரைக்கவில்லை. அது களியில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தளர்ந்த மணலில் சற்று அழுத்தினாலே தோண்டத் தொடங்கிவிடும். மழைநாளில் தார் வீதியில் அதன் பிடிப்பும் போதாது. எல்லா நிலத்துக்குமான ஏடி வகை டயரே நமது மாவட்டத்துக்குப் பொருத்தமானது.

டயரைவிட மலிவான, ஆனால் அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தருவது காற்றழுத்தம். வீதியில் 26 பிஎஸ்ஐ அளவில் ஓடும் டயரை மணலில் இறங்குமுன் 15 வரை குறைத்தால், தரையைத் தொடும் பரப்பு நீண்டு, வண்டி மணலைப் பிளக்காமல் மேலே மிதந்து போகும். இவ்வளவு இலேசான வாகனத்துக்கு அந்த அழுத்தம் பாதுகாப்பானதே. கூர்மையாகத் திருப்பினால் மட்டும் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். மீண்டும் தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும் என்பதால், பற்றரியில் நேரடியாகக் கவ்வும் சிறிய கொம்பிரசர் ஒன்று ஆடம்பரம் ஆகாது. சிகரெட் லைட்டரில் செருகும் மலிவான வகை ஒரு டயரை நிரப்புவதற்குள் சூடேறி நின்றுவிடும். அதற்குச் செலவிடும் பணம் வீண்.

மீட்புக் கருவிகளில் விஞ்சைத் தவிர்த்துவிட்டேன். விஞ்சும் அதைத் தாங்கும் இரும்புத் தாங்கியும் சேர்ந்து முன் அச்சின் மேல் ஏற்றும் பாரம் இந்த வாகனத்துக்கு ஒத்துவராது. மணற்பாதையில் கட்டி இழுக்க மரமும் எப்போதும் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய உறுதியான இழுவைக் கொளுக்கிகள் முன்னும் பின்னும், நீண்டு சுருங்கும் நைலோன் இழுவைப் பட்டி, பட்டியைக் கொளுக்கியோடு இணைக்கும் தரமான ஷக்கிள்கள், ஒரு மண்வெட்டி, சக்கரத்தின் கீழ் வைக்கும் பலகைகள் ஆகியவை போதுமானவை. கப்பலில் வண்டியைக் கட்டுவதற்காகத் தொழிற்சாலையில் வைக்கும் மெல்லிய வளையங்களில் பட்டியை மாட்டக்கூடாது, டிரெயிலர் கொளுவும் இழுவைப் பந்திலும் மாட்டக்கூடாது; அவை பிய்ந்து பறந்தால் ஆளைக் கொல்லும். நமது பகுதியில் உண்மையான மீட்பு பெரும்பாலும் வயலில் நிற்கும் உழவு இயந்திரமோ கரைவலை இழுக்கும் உழவு இயந்திரமோதான். வண்டியில் சரியான கொளுக்கி இருந்தால் அந்த அண்ணன்மார் ஐந்து நிமிடத்தில் எடுத்து விடுவார்கள். இல்லாவிட்டால் கைக்கு எட்டிய இடத்தில், சில சமயம் ஸ்டியரிங் கம்பியிலேயே, கயிற்றைக் கட்டிவிடுவார்கள்.

இனி, எல்லோரும் முதலில் கேட்கும் உயரம். இரண்டு அங்குல ஸ்பிரிங் உயர்த்தலை நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். திட அச்சு வாகனத்தில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியல் கூடு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு மில்லிமீற்றர்கூட உயராது, ஏனெனில் அது சக்கரத்தோடு அச்சில் இருக்கிறது. உயர்வது உடல் மட்டுமே. அதனால் பள்ளத்தில் இறங்கி ஏறும் கோணம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் ஜிம்னியின் குறுகிய உடலுக்கு அந்தக் கோணம் தொடக்கத்திலேயே தாராளமாக இருக்கிறது. மறுபக்கத்தில், முன் சக்கரங்கள் தாமாக நேராகத் திரும்ப உதவும் காஸ்டர் கோணம் குறைகிறது, அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பி அதை ஒரு பக்கம் இழுத்து வைக்கிறது, பிரேக் குழாய்கள் இறுகுகின்றன. இவற்றைச் சரிசெய்யத் தனித்தனி உதிரிகள் உண்டு. ஆனால் உயர்த்தும் கராஜ்கள் பல, விலை கூடிவிடும் என்று அவற்றைச் சொல்வதே இல்லை. விளைவு, ஹபரணை வீதியில் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் ஆடும் ஒரு வண்டி.

அந்த ஆட்டம் உயர்த்தாத ஜிம்னிகளிலும் வருவதுதான். முன் சக்கரங்கள் திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின் பெயாரிங்குகள் தேய்வது, அச்சைச் சேசிஸோடு பிணைக்கும் இழுவைக் கைகளின் இறப்பர் புஷ்கள் இளகுவது, டயர் சமநிலை தவறுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் டாம்பர் ஒன்றைப் புதிதாகப் போட்டால் சில மாதங்களுக்கு ஆட்டம் மறையும்; நோய் மறையாது. அறிவுள்ள மெக்கானிக் பெயாரிங்கிலிருந்து தொடங்குவார், அவசரக்காரர் டாம்பரை விற்பார். இதோடு சேர்த்து, முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப்களை வெற்றிடத்தால் பூட்டும் அமைப்பும் வயதாகும்போது காலைவாரும்: இறப்பர்க் குழாய் வெடித்தால் நான்கு சக்கர இயக்கத்தின் விளக்கு எரிந்தாலும் முன் சக்கரம் இழுக்காது. கையால் திருகிப் பூட்டும் ஹப்களுக்கு மாறியது, டயருக்கு அடுத்தபடியாக நான் மிகவும் திருப்தியடைந்த மாற்றம். சேற்றில் இறங்கித் திருக வேண்டும் என்ற சிறு தொல்லையைத் தவிர அதில் குறை காணவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி போதும்: இயந்திரத்துக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னோக்கல் குழாய் பார்வைக்கு அழகு, ஆனால் அதற்கு முன் அச்சுகளின் காற்றுக் குழாய்களை நீட்டி இயந்திர அறையின் மேற்பகுதிக்குக் கொண்டுவாருங்கள், ஏனெனில் சூடான டிஃபரன்ஷியல் குளிர்நீரில் இறங்கியதும் அதன் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உள்ளே உறிஞ்சும்.

துருதான் திருகோணமலையில் ஜிம்னி உரிமையாளரின் உண்மையான எதிரி. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகூட உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கடற்கரைப் பாதையில் ஓடிய வண்டியோ அடியில் உப்பு மணலையும் சுமக்கிறது. முன்விளக்குகளின் பின்புற உட்தகடு, கதவின் கீழ்ப் பெட்டிப் பகுதி, பின்தளத் தகடு, பின் அச்சின் கைகள் சேசிஸோடு சேரும் இடம் ஆகியவற்றில் துரு தொடங்கும். சேசிஸின் உட்குழியில் தேங்கிய மணல் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், வெளியே வண்ணம் பளபளக்க உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மணல் பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுவது, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறப்பது, மாரிக்கு முன் உட்குழிகளுக்கு மெழுகு கலந்த எண்ணெய் விசிறுவது ஆகிய மூன்றும் எந்த அலங்கார உதிரியையும்விட வண்டியின் ஆயுளை நீட்டும். அடியில் கறுப்புத் தார் பூசித் தருவதாகச் சொல்லும் சேர்விஸ் நிலையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டின் மேல் பூசிய தார் அந்தத் துருவை மூடி வளர்க்கும்.

வீதியில் வசதி என்று பார்த்தால் இது ஏமாற்றும் வண்டிதான். நான்கு பேரும் ஏசியும் இருந்தால் கந்தளாய்ப் பக்கம் ஒரு லொறியை முந்துவதற்கு நீண்ட யோசனை தேவை, பின்னிருக்கையை நிமிர்த்தினால் ஒரு பயணப்பைக்கு மேல் இடமில்லை, 40 லீற்றர் எரிபொருள் தாங்கியும் நீண்ட பயணத்துக்குச் சிறியது. 2022இல் எரிபொருள் கியூஆர் பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று இருந்தபோது, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு அருகிலேயே வசித்துக்கொண்டு தடப்பயணத்தை மறந்திருந்த காலமும் உண்டு.

போகக்கூடாத இடங்களும் இந்த மதிப்பீட்டின் பகுதியே. கடற்கரையில் கரைவலை இழுக்கும் பாடுகளில் கயிறும் வலையும் கிடக்கும், கடலாமைகள் முட்டையிடும். ஈரமணலில் பந்தயம் ஓட்டுவதற்கு அது இடமல்ல. கவுடுல்ல, சோமாவதி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி நுழைய முடியாது. கந்தளாய், சேருவில பக்கத்துப் பாதைகளில் மாலைக்குப் பின் யானை நடமாட்டம் உண்டு. குறுகிய பாதையில் பின்னோக்கி ஓட்டும் அவசியம் வராதபடி பொழுதோடு திரும்புங்கள். வண்டியின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைப் பார்ப்பதும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும், விபத்து ஒன்றுக்குப் பின் நினைத்துப் பயனில்லாத காரியங்கள்.

2018இல் வந்த ஜேபி 74 இதைவிடச் சிறந்த வாகனம் என்பதில் ஐயமில்லை; 1,462 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் வழுக்கும் சக்கரத்தைப் பிரேக்கால் அடக்கும் மின்னணு உதவியும் அதில் உண்டு. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னும் வரிச்சுமையால் அது பலருக்கும் எட்டாத விலையில் இருக்கிறது. ஜேபி 43இன் எம் 13 ஏ இயந்திரம் பழைய ஸ்விஃப்ட் காரிலும் இருந்ததால் உதிரிகள் கிடைப்பது சிரமமில்லை. வாங்கப் போகிறவர் ஏற்கெனவே உயர்த்தி அலங்கரித்த வண்டியை விடுத்து, தொழிற்சாலை உயரத்தில் நிற்கும் அசிங்கமான ஒன்றைத் தேடட்டும். அதை மணலில் அல்லது புல்தரையில் நிறுத்தி நான்கு சக்கரத்தையும் இணைத்து முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று பார்த்து, ஒரு சிறு சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக் கேட்டு, மந்தமாக ஒலிக்கும் இடம் ஒன்றாவது இருந்தால் விலை பேசாமலே எழுந்து வரலாம். ஹப்பையும் புஷ்ஷையும் மாற்றுவது ஒரு வார இறுதி வேலை, கரைந்த சேசிஸை ஒட்டுவதற்கு ஆகும் டிங்கரிங் செலவில் இன்னொரு வண்டியின் முற்பணத்தைக் கட்டிவிடலாம்.