டிவிடெண்டைத் திரும்பப் போடும் பட்டன்: ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நிதி ஆலோசகன் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெரேபேங்கில் பிறந்து வளர்ந்தவன். எண்ணெய்க் கம்பெனி என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பங்குச் சந்தை ஞாபகம் வருவதற்கு முன்னால் மூக்கில் அந்த வாசனைதான் ஏறும். ஒரு பக்கம் எஞ்சென் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் விமான நிலையம் இருந்த இடத்தைத் தாண்டினால் சாப்ரெஃப் என்ற இன்னொரு ஆலை, இரண்டுக்கும் நடுவில் துணி காயப்போட்டு வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. சாப்ரெஃப் பாதி ஷெல்லுக்கும் பாதி பிபிக்கும் சொந்தமாக இருந்தது. 2022-இல் ஓட்டத்தை நிறுத்தினார்கள், அதே ஏப்ரலில் வெள்ளமும் புகுந்தது, 2024-இல் அரசாங்கத்தின் மத்திய எரிசக்தி நிதியம் அதை ஒரு ராண்டு விலைக்கு வாங்கிக்கொண்டது. ஒரு ராண்டு! அந்தக் காசுக்கு இன்றைக்கு எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு சமோசா கூடக் கொடுக்கமாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் விமர்சனம் எழுத வந்தது என் புரோக்கர் ஆப்பில் இருக்கும் ஒரு வசதியைப் பற்றி. பங்குக்கு வரும் டிவிடெண்டை, அதாவது கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் பணத்தை, கையில் கொடுக்காமல் அதே கம்பெனியின் பங்கைத் தானாகவே வாங்கிப் போடும் பட்டன் அது. ஆப்பின் பெயர் வேண்டாம், குறை சொல்லப்போகிறேன், அதுவும் மற்ற ஆப்புகளில் இருக்கும் நண்பர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான். பட்டனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எந்த வகைப் பங்கை வாங்கினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதித் தப்பு அங்கேதான் நடந்தது.

நம் ஊரில் எண்ணெய்ப் பங்கு என்றால் சாசோல்தான். கண்டிப்பாகப் பார்த்தால் அது நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் கம்பெனி, செக்குண்டாவில் இருக்கும் ஆலைதான் அதன் உயிர்நாடி, ஆனால் பங்கின் விலை உலக எண்ணெய் விலைக்குத்தான் ஆடும். அதில் பொதுமக்கள் சந்தையில் வாங்கக்கூடியது இரண்டு வகை. ஒன்று யார் வேண்டுமானாலும் வாங்கும் சாதாரணப் பங்கு. மற்றது பிஇஇ பங்கு, கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டப்படி தகுதி உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம், விற்கலாம். 2011 பிப்ரவரியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சந்தையில் அதற்கென்று தனிப் பிரிவில் நடக்கிறது. இந்தச் சட்டத்தில் இந்தியர்களும் அடங்குவார்கள் என்பது நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இன்னும் தெரியாது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகளான நமக்குத் தகுதி உண்டு. என் மச்சான் திருநெல்வேலியிலிருந்து 2009-இல் வந்து குடியுரிமையும் வாங்கிவிட்டார், அவருக்குக் கிடையாது, 1994 ஏப்ரல் 27-க்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டும். "உங்க தாத்தா கப்பல்ல வந்ததுக்கு இப்பத்தான் கூலி குடுக்குறாங்க போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் எனக்கு என்னவோ போல இருந்தது.

டிவிடெண்ட் இரண்டு வகைக்கும் ஒன்றுதான், பங்குக்கு இத்தனை ராண்டு என்று அறிவித்தால் இரண்டுக்கும் அதே தொகை. விலை மட்டும் பிஇஇ பங்குக்கு வழக்கமாகக் குறைவு. வாங்கும் கூட்டம் சின்னது, அதனால் தள்ளுபடி. அப்படியானால் டிவிடெண்டுக்காகவே வாங்குகிறவனுக்கு எது லாபம்? கணக்கு தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நான் சொல்லவில்லை. "விற்க முடியாது, மாட்டிக்கொள்வாய்" என்று பயமுறுத்தினார்கள், தகுதிச் சான்று, ஒப்பந்தக் கையெழுத்து என்று காகித வேலையும் இருந்தது, சோம்பேறித்தனத்தில் சாதாரணப் பங்கையே வாங்கினேன். விற்பது கஷ்டம் என்பது உண்மைதான், சில நாள் ஆளே இருக்காது, வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியை விற்கும்போது நாமும் கொடுத்தாக வேண்டும். ஆனால் விற்காமல் பத்து வருஷம் உட்காரப்போகிறவனுக்கு அதனால் என்ன நஷ்டம்?

எங்கள் வீட்டில் பயம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 2008-இல் சாசோல் இன்சாலோ என்று கறுப்பினத்தவர் மேம்பாட்டுப் பங்குத் திட்டம் ஒன்று வந்தது. அதிலும் இரண்டு வகை. முழுப் பணமும் கட்டினால் பங்கு 366 ராண்டு. கடன் சேர்த்து வாங்கினால் கையிலிருந்து 18 ராண்டு 30 சென்ட் கட்டினால் போதும், மீதிக்குக் கடன். சித்தப்பா இரண்டாவதை எடுத்தார், எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து 2018-இல் கணக்கு முடிந்தபோது கடனை அடைத்த பிறகு பிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை, நடுவில் சில்லறையாக வந்த டிவிடெண்டுதான் மிச்சம். முழுப் பணம் கட்டியவர்கள் கையில் இருந்ததுதான் இப்போது சந்தையில் நடக்கும் பிஇஇ பங்கு. ஆக ஒரே கம்பெனி, ஒரே வருஷம், எந்தப் படிவத்தில் டிக் அடித்தோம் என்பதில்தான் வித்தியாசம். சித்தப்பா அதற்கப்புறம் பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அக்கா கதை வேறு. லண்டனில் நர்ஸ் வேலை, அங்கேயே ஷெல் பங்கு வைத்திருக்கிறாள். 2005-இல் டச்சுக் கம்பெனியையும் ஆங்கிலக் கம்பெனியையும் ஒன்றாக்கியபோது ஏ பங்கு, பி பங்கு என்று இரண்டு வந்தது. ஏ பங்கின் டிவிடெண்டில் நெதர்லாந்து 15 சதவீதம் பிடித்துக்கொள்ளும், பி பங்கில் பிடித்தம் கிடையாது. லாபத்தில் உரிமை எல்லாம் ஒன்றுதான். அக்கா விவரமானவள், பி பங்குதான் வாங்கினாள். பிறகு பணத்துக்குப் பதிலாகப் புதுப் பங்காகக் கொடுக்கும் ஸ்கிரிப் திட்டத்தில் சேர்ந்தாள், அங்கே ஒரு பொடி எழுத்து இருந்தது, பி பங்கு வைத்திருந்தாலும் ஸ்கிரிப்பில் வரும் புதுப் பங்கு ஏ பங்குதான். ஸ்கிரிப்பாக வரும்வரை டச்சுப் பிடித்தம் இல்லை, அதனால் கவலைப்படவில்லை. 2017 கடைசிக் காலாண்டு டிவிடெண்டோடு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவளிடம் சேர்ந்திருந்த ஏ பங்குக் குவியலுக்குப் பணமாக டிவிடெண்ட் வந்தது, 15 சதவீதம் போக. வேண்டாம் என்று ஒதுக்கியதே வீடு தேடி வந்த கதை. 2022 ஜனவரியில் கம்பெனி முழுதாக லண்டனுக்கு மாறியதும் ஏ, பி இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று சேர்த்து ஒரே பங்காக்கினார்கள், அக்கா ஒரு கையெழுத்துகூடப் போடாமல் பிரச்சினை தீர்ந்தது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்கிரிப் என்றால் கம்பெனி புதுப் பங்கு அச்சடித்துக் கொடுக்கிறது, டிவிடெண்டைத் திரும்பப் போடுவது என்றால் நம் பணத்தை எடுத்துச் சந்தையில் ஏற்கெனவே உள்ள பங்கை வாங்குகிறார்கள். இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறைய. முதலாவதில் கமிஷன் இல்லை, ஆனால் மொத்தப் பங்கு எண்ணிக்கை கூடுகிறது. இரண்டாவதில் வாங்கும் செலவு நம் தலையில்: லண்டனில் அரை சதவீத முத்திரை வரி, நம் ஊரில் கால் சதவீதப் பங்கு மாற்று வரி, அதோடு புரோக்கர் கட்டணம், அதன்மேல் 15 சதவீத வாட். திரும்பப் போட்டால் வரியே இல்லை என்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள், சுத்தப் பொய். டிவிடெண்ட் வரி 20 சதவீதம் நம் கணக்குக்கு வருவதற்கு முன்பே போய்விடும், மிச்சத்தைத்தான் பட்டன் எடுத்துக்கொள்ளும்.

இப்போது என் பட்டன். என்னிடம் 120 சாசோல் பங்கு இருந்தது. 2022 ஆகஸ்டில், கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த சமயம், பங்குக்கு 14 ராண்டு 70 சென்ட் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் பணம் வந்தது. 1,764 ராண்டில் வரி போக 1,411 ராண்டு 20 சென்ட். அப்போது பங்கின் விலை 300-க்கு மேல், ஆக நான்கு பங்கு, மீதி நூற்றுச் சொச்சம். எனக்கு ஒரே சந்தோஷம், ஒன்றும் செய்யாமல் நான்கு பங்கு முளைத்ததே என்று. 2023-இல் இரண்டு முறை, 7 ராண்டும் 10 ராண்டும், அதில் இரண்டு பங்கும் மூன்று பங்கும். 2024 ஆரம்பத்தில் வெறும் 2 ராண்டு, அதில் ஒரு பங்கு. அதோடு சரி, அந்த வருஷ முடிவில் டிவிடெண்டே இல்லை என்றார்கள். மொத்தம் பத்துப் பங்கு, அதற்கு நான் கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு ராண்டுக்கு மேல். 2025 ஏப்ரலில் பார்த்தால் பத்தும் சேர்ந்து ஆயிரம் ராண்டு தேறவில்லை.

விலை இறங்கியதைக் குறை சொல்லவில்லை, எண்ணெய் என்றால் ஏறும் இறங்கும். எனக்கு உறைத்தது வேறு. 2020 மார்ச்சில் இதே பங்கு 30 ராண்டுக்கும் கீழே கிடந்தது. அமெரிக்காவில் லேக் சார்லஸ் ஆலைக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது, எண்ணெய் விலையும் விழுந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் டிவிடெண்ட் ஒரு சென்ட் கிடையாது. அதாவது பட்டன் வேலை செய்திருக்க வேண்டிய நேரத்தில் அதற்குத் தீனி இல்லை, பங்கு 300-ஐத் தாண்டி நின்ற நேரத்தில் வாய் நிறையத் தீனி. டிவிடெண்டைத் திரும்பப் போட்டால் விலை ஏறும்போது குறைவாகவும் இறங்கும்போது நிறையவும் வாங்கும், சராசரி நன்றாக வரும் என்று எல்லா ஆப்பும் படம் போட்டுக் காட்டுகிறது. டிவிடெண்ட் ஒரே சீராக வந்தால்தான் அந்தப் படம் உண்மை. சாசோல் கொள்கை அப்படி இல்லை: கையில் மிஞ்சும் பணப்புழக்கத்தில் 30 சதவீதம், அதுவும் நிகரக் கடன் 400 கோடி டாலருக்குக் கீழே இருந்தால்தான், பிறகு அந்த வரம்பையும் இன்னும் இறக்கினார்கள். கம்பெனிக்கு அது நல்ல ஒழுக்கமாகவே இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட பங்கில் பட்டனை அழுத்தி வைப்பது, தக்காளி விலை ஏறும்போது மட்டும் கூடை நிறைய வாங்குவேன் என்று சபதம் எடுப்பது மாதிரி.

எதிர் உதாரணமும் என்னிடமே இருக்கிறது. அதே ஆப்பில் டாலர் கணக்கில் கொஞ்சம் எக்ஸான்மொபில் வைத்திருக்கிறேன், ஒரே வகைப் பங்கு, ஏ-யும் இல்லை பி-யும் இல்லை, நிம்மதி. 2020 ஏப்ரல் கடைசியில் ஷெல் காலாண்டு டிவிடெண்டை 47 சென்ட்டிலிருந்து 16 சென்ட்டுக்கு வெட்டியது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுதான் முதல் வெட்டு. ஆகஸ்டில் பிபியும் பாதியாக்கியது. எக்ஸானோ காலாண்டுக்கு 87 சென்ட் என்று அந்த வருஷம் முழுக்கப் பிடிவாதமாகக் கொடுத்தது, பங்கு 35 டாலருக்கும் கீழே போன மாதங்களிலும். அங்கே பட்டன் சொன்னபடி வேலை செய்தது, மலிவில் வாங்கித் தள்ளியது. வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்க வரித் துறையின் டபிள்யூ-8பென் படிவத்தைக் கணக்குத் திறக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் அமெரிக்கா 15 சதவீதம் பிடிக்கும், கொடுக்காவிட்டால் 30. எனக்குப் படிவம் காலாவதியானதை ஆப் சொல்லவே இல்லை, இரண்டு காலாண்டு 30 போனது.

அந்த ஆப்பின் மற்ற லட்சணங்கள். டிவிடெண்ட் வருவது வழக்கமாகத் திங்கட்கிழமை, இவர்கள் பங்கு வாங்கியது சில தடவை வியாழக்கிழமை, ஏன் என்று கேட்டால் எல்லார் பணத்தையும் சேர்த்து மொத்தமாக வாங்குகிறோம் என்று ஒரே பதிலை மூன்று பேர் மூன்று மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினார்கள். மீதிச் சில்லறைக்கு வட்டி இல்லை. பட்டன் ஒரு கணக்குக்கு ஒன்றுதான், சாசோலுக்கு அணைத்து எக்ஸானுக்கு மட்டும் வைக்க முடியாது, டாலர் கணக்குத் தனி என்பதால் தப்பித்தேன். பிஇஇ பங்குக்குப் பட்டனே கிடையாது, அதைத் தொலைபேசியில் 40 நிமிஷம் காத்திருந்த பிறகுதான் சொன்னார்கள். வரிச் சான்றிதழ் மட்டும் ஒழுங்காக, நேரத்துக்கு வருகிறது, இரண்டரை நட்சத்திரத்தில் ஒன்று அதற்குத்தான்.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட்டால் டிவிடெண்ட் வரியே கிடையாதே என்று கேட்பீர்கள். உண்மை, அங்கே திரும்பப் போடும் டிவிடெண்டு வருடாந்திர வரம்பிலும் சேராது. ஆனால் அந்தக் கணக்கில் தனிப் பங்கு வாங்க முடியாது, ஆகவே சாசோலைப் பிடித்துக்கொண்டு அழுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது உதவாது.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், ராண்டு கணக்கில் பட்டனை அணைத்துவிட்டேன், டாலரில் விட்டுவிட்டேன். பிஇஇ தகுதிக்கான காகிதங்களைப் போன மாதம்தான் கொடுத்தேன், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வரை தேடி எடுக்கவேண்டியிருந்தது. கிடைத்தால் சாதாரணப் பங்கில் பாதியை விற்று அந்தப் பக்கம் மாறுவதாக உத்தேசம், டிவிடெண்ட் எப்போது திரும்பி வந்தாலும் பணமாகவே வாங்கிக்கொள்வேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.